விபத்துக்குப் பின் தன்னியக்க நரம்புப் பாதிப்பு: விழுக்காட்டுக்குள் அடங்காத காயம் எவ்வாறு மதிப்பிடப்படுகிறது?

சாலை விபத்திலோ பணியிட விபத்திலோ பலத்த காயமுற்ற ஒருவருக்கு மருத்துவக் குழு சான்றிதழ் வழங்கும்போது, அதில் ஒரு விழுக்காடு குறிக்கப்படுகிறது. தோள் எவ்வளவு உயர்கிறது, முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, தசையில் வலு எவ்வளவு எஞ்சியுள்ளது ஆகியவை அந்த எண்ணுக்குள் அடங்கிவிடும். ஆனால் எழுந்து அமர்ந்தவுடன் இரத்த அழுத்தம் சரிந்து கண் இருட்டுவதும், சிறுநீர்ப்பை நிறைந்ததை அறிய இயலாமல் போவதும், கோடை வெயிலில் உடல் வியர்க்காமல் கொதிப்பதும் அந்த எண்ணுக்குள் பல நேரங்களில் வருவதில்லை. இழப்பீட்டு வழக்கு அந்த எண்ணையே பற்றிக்கொண்டு நடக்கிறது.

கடந்த சில ஆண்டுகளில் விபத்து இழப்பீட்டுச் சட்டமும் விதிகளும் பெரிதும் மாறியுள்ளன. வழக்குகள் விரைந்து முடிய வேண்டும் என்பதே அம்மாற்றங்களின் நோக்கம். நோக்கம் நன்று. எனினும், மெதுவாக வெளிப்படும் காயங்களை உடையவர்கள் இவ்விரைவினால் இழப்புக்கு ஆளாக நேரிடலாம். நீங்களோ உங்கள் குடும்பத்தினரோ அந்நிலையில் இருந்தால் எவற்றை அறிந்திருக்க வேண்டும் என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

பாதிப்பு எத்தகையது?

நாம் எண்ணாமலே உடலுக்குள் நடைபெறும் செயல்களை நடத்துவது தன்னியக்க நரம்பு மண்டலம். இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், வியர்வை, செரிமானம், சிறுநீர் மற்றும் மலக் கட்டுப்பாடு, பாலுறவுச் செயல்பாடு ஆகிய அனைத்தும் இதன் ஆளுகைக்கு உட்பட்டவை. காயம் இம்மண்டலத்தைப் பல வழிகளில் குலைக்கலாம்.

தண்டுவடக் காயத்தில் இது மிகத் தெளிவாகத் தெரியும். ஆறாவது மார்பு முள்ளெலும்பின் மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் சிதைந்தவர்களுக்கு, காயத்திற்குக் கீழே உண்டாகும் ஒரு சிறு தூண்டுதல்கூட இரத்த அழுத்தத்தைத் திடீரென ஏற்றிவிடக்கூடும். சிறுநீர்க் குழாய் அடைபடுதல், மலச்சிக்கல், படுக்கைப் புண், சதைக்குள் வளர்ந்த கால் நகம், இறுகிய இடைவார் ஆகிய எதுவும் காரணமாகலாம். மருத்துவர்கள் இதனைத் தன்னியக்க மிகை எதிர்வினை என்பர். கடும் தலைவலி, காயத்திற்கு மேலே முகம் சிவந்து வியர்த்தல், இதயத் துடிப்பு குறைதல் ஆகியவை அதன் அடையாளங்கள். உடனே கவனிக்காவிடில் மூளையில் இரத்தக் கசிவு வரை செல்லலாம். இவர்களுடைய இயல்பான மேல் இரத்த அழுத்தமே 90 முதல் 110 வரை இருப்பதால், அது 20 முதல் 40 வரை உயர்ந்தாலே ஆபத்து நேர்ந்துவிட்டது எனக் கொள்ள வேண்டும். 130 என்ற அளவைக் காணும் பணி மருத்துவர் அதனை இயல்பு என எண்ணிவிடுதல் எளிது. நோயாளியின் வழக்கமான அளவு கோப்பில் எழுதப்பட்டிருப்பதன் தேவை இங்குதான் புலப்படும்.

கடுமையான தலைக் காயத்தில் இதயத் துடிப்பும் உடல் வெப்பமும் வியர்வையும் அலையலையாக ஏறி இறங்கும் நிலை தோன்றலாம். மணிக்கட்டு எலும்பு முறிவு போன்ற சாதாரணக் காயத்திற்குப் பின்னும் சிலருக்குக் கை வீங்கி, நிறம் மாறி, வியர்த்து, தொட்டாலே தாங்க முடியாத வலி நீடிக்கும். எக்ஸ்-ரே படத்தில் எலும்பு நன்கு கூடியிருக்கும். "நடிக்கிறார்" என்ற சொல்லை மிகுதியாகக் கேட்பவர்கள் இவர்களே.

உடலின் காலமும் சட்டத்தின் காலமும்

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, விபத்து நிகழ்ந்த ஆறு மாதங்களுக்குள் இழப்பீட்டு மனு அளிக்கப்பட வேண்டும். 166-ஆம் பிரிவில் சேர்க்கப்பட்ட இவ்வரம்பு 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் நடைமுறைக்கு வந்த மத்திய விதிகள் காவல்துறைக்கும் கால அட்டவணை வகுத்துள்ளன. முதல் அறிக்கை 48 மணி நேரத்திற்குள்ளும், இடைக்கால அறிக்கை 50 நாட்களுக்குள்ளும், விரிவான விபத்து அறிக்கை 90 நாட்களுக்குள்ளும் தீர்ப்பாயத்தை அடைய வேண்டும். விரிவான அறிக்கை கிடைத்த 30 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனம் தன் முடிவைக் கூற வேண்டும். ஆறு மாத வரம்பு செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்தின் முன் எழுப்பப்பட்டுள்ளது. ஆயினும் அதனை நம்பிக் காலம் தாழ்த்த வேண்டாம். மனுவை உரிய காலத்திற்குள் அளித்துவிடுவதே பாதுகாப்பு.

இவ்வட்டவணையை உடலின் நடைமுறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தண்டுவடம் சிதைந்தவுடன் காயத்திற்குக் கீழ் உள்ள அனிச்சைச் செயல்கள் அனைத்தும் அடங்கிவிடும். தண்டுவட அதிர்ச்சி எனப்படும் இந்நிலை சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை நீடிக்கும். இது விலகிய பின்னரே மிகை எதிர்வினை பொதுவாகத் தலைகாட்டும்; பலருக்கு முதல் சில மாதங்களில், சிலருக்கு ஓராண்டு நெருங்கும் வேளையில். சிறுநீர்ப்பை எந்த வகையில் நிலைபெறும் என்பதும் அப்போதுதான் தெளிவாகும். நரம்பு மீட்சி ஓராண்டைக் கடந்தும் தொடரக்கூடும்.

ஆகவே விரிவான விபத்து அறிக்கை எழுதப்படும் 90-ஆம் நாளில், காயத்தின் முழு உருவம் மருத்துவருக்கே தெரிந்திராத நிலை இருக்கலாம். அந்நேரத்தில் காப்பீட்டு நிறுவனம் முன்வைக்கும் தொகை, அன்று கோப்பில் உள்ள காயங்களுக்கு உரிய தொகையாகும். சட்டத்தின் 149-ஆம் பிரிவின்கீழ் அதனை நீங்கள் ஏற்றுக்கொண்டால் அது உடன்பாடாகப் பதிவு செய்யப்படும். பின்னர் தோன்றிய பாதிப்பைக் காட்டி அதனை மீண்டும் திறப்பது மிகக் கடினம். கடன் வாங்கி மருத்துவம் பார்த்த குடும்பத்திற்கு முதல் தொகை பெருந்தொகையாகவே தோன்றும். யாரும் குறைகூற இயலாது. ஆயினும் தண்டுவடக் காயமோ கடுமையான தலைக் காயமோ இருப்பின், கையெழுத்திடுவதற்கு முன் "நரம்புப் பாதிப்பு நிலைபெற்றுவிட்டதா?" என்று மருத்துவ மறுவாழ்வுத் துறை மருத்துவரிடம் கேட்டு, விடையை எழுத்து வடிவில் பெற்றுக்கொள்ளுங்கள்.

மனுவை முன்கூட்டியே அளிப்பதும் நிரந்தரப் பாதிப்பைப் பின்னர் மதிப்பிடுவதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. மனு நிலுவையில் இருக்கும்போதே மருத்துவக் குழுவின் மதிப்பீட்டைத் தீர்ப்பாயம் கேட்டுப் பெறலாம். மாறக்கூடிய நிலையில் உள்ள பாதிப்புக்குத் தற்காலிகச் சான்றிதழ் வழங்கவும் வழியுண்டு. அதனை நிரந்தரச் சான்றிதழாகக் கருதி வழக்கை முடித்துவிடுதல் கூடாது.

மருத்துவர் எதை அளக்கிறார்?

சட்டம் சார்ந்த மதிப்பீட்டில் மருத்துவர் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும். பாதிப்பு உண்மையில் உள்ளதா? விபத்தினால் உண்டானதா? நிலையானதா? முதல் கேள்விக்கு விடை காண்பது பலரும் நினைப்பதைவிட எளிது. அதற்கு வேண்டிய முதன்மையான கருவி ஒரு இரத்த அழுத்தமானியே.

நோயாளியை ஐந்து நிமிடம் படுக்க வைத்து அளந்து, பின் எழுந்து நிற்கச் செய்து மூன்று நிமிடத்திற்குள் மீண்டும் அளக்க வேண்டும். நிற்க இயலாதவரை அமர வைத்தோ சாய்மேசையில் உயர்த்தியோ அளப்பர். மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 அளவுக்குக் குறைந்தால் அது நிலைமாற்றத் தாழ் அழுத்தம் எனப்படும். அழுத்தம் குறையாமல், நின்ற பத்து நிமிடத்திற்குள் இதயத் துடிப்பு மட்டும் நிமிடத்திற்கு 30-க்கு மேல் ஏறி, அறிகுறிகளும் நீடித்தால் அது வேறொரு கோளாறு. பதின்ம வயதினருக்கு இவ்வரம்பு 40. இச்சோதனையைத் தாலுகா மருத்துவமனையிலும் செய்யலாம். இருப்பினும் விபத்து நோயாளிகளின் கோப்புகளில் படுத்த நிலை அளவு மட்டுமே காணப்படுவது வழக்கமாகிவிட்டது. நின்ற நிலையில் எடுக்கப்படாத அளவை இரண்டு ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்தில் எவராலும் மீட்டெடுக்க இயலாது.

அடுத்த படியில் 24 மணி நேர இரத்த அழுத்தப் பதிவு, நிமிடத்திற்கு ஆறு முறை ஆழ்ந்து மூச்சிழுக்கும்போது இதயத் துடிப்பில் நேரும் ஏற்ற இறக்கம், மூச்சை அடக்கி அழுத்தம் கொடுத்து ஊதும் சோதனை, வியர்வைச் சோதனைகள், சிறுநீர்ப்பையின் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக் ஆய்வு ஆகியவை உள்ளன. இவை பெரும்பாலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே கிடைக்கும்.

தண்டுவடக் காயத்திற்கு உலகெங்கும் வழங்கும் 'ஏ' முதல் 'ஈ' வரையிலான தரவரிசை, இயக்கத்தையும் உணர்வையும் அளப்பது. ஒருவர் 'டீ' தரம் பெற்று ஓரளவு நடக்கிறார் எனின், அவருடைய சிறுநீர்ப்பையும் இரத்த அழுத்தமும் சீராக உள்ளன என்று பொருளன்று. இக்குறையை உணர்ந்தே அமெரிக்கத் தண்டுவடக் காயச் சங்கமும் பன்னாட்டுத் தண்டுவடச் சங்கமும் இணைந்து, தன்னியக்கச் செயல்பாடுகளைப் பதிவதற்கெனத் தனிப் படிவம் ஒன்றை 2009-இல் வெளியிட்டன. 2021-இல் அது திருத்தப்பட்டது. இதயம், இரத்த அழுத்தம், வியர்வை, உடல் வெப்பம், மூச்சு, சிறுநீர்ப்பை, குடல், பாலுறவுச் செயல்பாடு ஆகியன அதில் தனித்தனியே குறிக்கப்படும். இப்படிவத்தை நிரப்பித் தருமாறு உங்கள் மருத்துவரிடம் கேட்பதில் தவறேதும் இல்லை.

வலி மிகுந்த கையைப் பொறுத்தவரை, புடாபெஸ்ட் வரையறை எனப்படும் அளவுகோல் பயன்படுகிறது. உணர்வு மாற்றம், நிறம் அல்லது வெப்ப மாற்றம், வீக்கம் அல்லது வியர்வை மாற்றம், இயக்கம் அல்லது தோல், முடி, நகங்களில் மாற்றம் என்னும் நான்கு வகைகளில், மூன்றிலேனும் நோயாளி உணரும் அறிகுறியும் இரண்டிலேனும் மருத்துவர் காணும் அடையாளமும் இருத்தல் வேண்டும். அடையாளங்கள் நாளுக்கு நாள் மாறுவதால், மருத்துவக் குழு பார்க்கும் ஒரே நாளில் கை இயல்பாகத் தோன்றவும் கூடும். நிறமும் வீக்கமும் மிகுந்த நாட்களில் இரு கைகளையும் சேர்த்து எடுத்த, நாள் குறித்த புகைப்படங்கள் இங்கே உதவும். கைபேசியில் உள்ள அசல் படங்களை அழித்துவிடாதீர்கள்.

"முன்பே இருந்ததா?" என்ற கேள்வி

வழக்கில் மிகக் கடுமையாக வாதிடப்படுவது இரண்டாவது கேள்வி. காரணம் எளிது. நீரிழிவு நோயும் தன்னியக்க நரம்புகளைப் பாதிக்கும். நம்மிடையே நீரிழிவு உள்ளவர்களோ மிகுதி. வலிக்குத் தரப்படும் அமிட்ரிப்டிலின், சிறுநீர் பிரிவதற்குத் தரப்படும் டாம்சுலோசின், இதயத் துடிப்பைக் குறைக்கும் புரோபிரனலால் ஆகிய மருந்துகளும் சோதனை முடிவுகளை மாற்றும். நெடுநாள் படுக்கையும் இரத்தசோகையும் நீரிழப்பும்கூட எழுந்து நிற்கையில் மயக்கத்தைத் தரும். இவற்றில் சில மருத்துவத்தால் தீரக்கூடியவை. தீரக்கூடியதை நிரந்தரப் பாதிப்பு என எழுதுவது முறையாகாது. காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் இக்கேள்விகளைக் கேட்பது அவருடைய கடமை. மருத்துவ அறிக்கையில் அவற்றிற்கு முன்கூட்டியே விடை இருக்க வேண்டும்.

எனவே நீரிழிவை மறைக்க வேண்டாம். விபத்து நாளுக்கு அருகில் எடுக்கப்பட்ட எச்பிஏ1சி அளவு, அதற்கு முந்தைய சிகிச்சைச் சீட்டுகள், விபத்துக்கு முன் வேலைக்குச் சென்றதற்கான வருகைப் பதிவு ஆகியவை, முன்பு இல்லாத குறை பின்பு வந்தது என்பதைக் காட்டும். மறைத்தது குறுக்கு விசாரணையில் வெளிப்பட்டால், உண்மையான பாதிப்பும் ஐயத்திற்கு உள்ளாகும்.

கழுத்து சுளுக்கு போன்ற சிறு காயத்திற்குப் பின் தோன்றும் படபடப்பையும் தலைச்சுற்றலையும் விபத்தோடு இணைப்பது மருத்துவ உலகிலேயே விவாதத்திற்கு உரியது. காயத்தின் இடம், அறிகுறி தோன்றிய நாள், இடையிலான தொடர்ச்சி ஆகிய மூன்றும் பொருந்தினால்தான் அவ்வாதம் நிற்கும்.

விழுக்காடு வேறு, வருமான இழப்பு வேறு

உச்ச நீதிமன்றம் 2010 அக்டோபரில் அளித்த ஒரு தீர்ப்பு, இத்துறையில் இன்றும் வழிகாட்டியாக உள்ளது. ஓர் உறுப்பின் பாதிப்பு விழுக்காட்டை முழு உடலின் பாதிப்பாகக் கொள்ளக் கூடாது என்றும், முழு உடலின் பாதிப்பு விழுக்காட்டையும் அப்படியே வருமான இழப்பாகக் கொள்ளக் கூடாது என்றும் அது தெளிவுபடுத்தியது. இடக்கையை இழந்த ஓட்டுநரோ தச்சரோ ஏறத்தாழ முழு வருவாயையும் இழக்கலாம். அதே இழப்புடைய அரசு எழுத்தர் பணியில் தொடரக்கூடும். நிரந்தரப் பாதிப்பின் அளவைக் கூறுவது மருத்துவரின் வேலை. வருமான இழப்பை முடிவு செய்வது தீர்ப்பாயத்தின் வேலை. சிகிச்சை அளிக்காமலே கேட்டவுடன் சான்றிதழ் எழுதித் தரும் மருத்துவர்களைக் குறித்தும் அத்தீர்ப்பு எச்சரிக்கிறது.

தன்னியக்கப் பாதிப்பு உடையவர்களுக்கு இத்தீர்ப்பு பெரிதும் துணைசெய்யும். கட்டடச் சாரத்தில் ஏறி வேலை செய்யும் ஒருவர் விபத்துக்குப் பின் நன்றாக நடக்கிறார், ஆனால் எழுந்து நின்றால் அழுத்தம் 30 குறைகிறது என வைத்துக்கொள்வோம். இயக்கத்தைக் கொண்டு அளந்தால் அவருடைய விழுக்காடு மிகச் சிறியது. சாரத்தின் மேல் ஒரு முறை கண் இருண்டால் அவர் உயிர் பிழைப்பது அரிது. அவருக்கு அத்தொழில் முற்றாக முடிந்துவிட்டது. இதனைத் தீர்ப்பாயம் உணர வேண்டுமானால், அழுத்தச் சரிவின் அளவும் அவருடைய தொழிலின் தன்மையும் ஒரே அறிக்கையில் அருகருகே இடம்பெற வேண்டும்.

பணியிட விபத்தில் நிலைமை சற்று வேறுபட்டது. சட்ட அட்டவணையில் இல்லாத காயத்திற்கு வருமான ஈட்டுத் திறனின் இழப்பைத் தகுதி பெற்ற மருத்துவரே மதிப்பிட்டுக் கூற வேண்டும். அங்கு அவர் "இயக்கக் குறை 15 விழுக்காடு" என்று எழுதி நிறுத்திக்கொண்டால், உங்கள் வழக்கும் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

நலத்திட்டங்களுக்கான சான்றிதழ் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்கீழ் வழங்கப்படுவது. அதற்கான மதிப்பீட்டு நெறிமுறைகள் 2018-இல் அறிவிக்கப்பட்டு, 2024 மார்ச்சில் புதுப்பிக்கப்பட்டன. 40 விழுக்காடு என்ற எல்லைக்கோடு அங்கே இன்றியமையாதது. ஒன்றுக்கு மேற்பட்ட பாதிப்புகள் இருப்பின் அவற்றை நேரடியாகக் கூட்டாமல் ஒரு வாய்பாட்டின்படி இணைப்பர். நரம்புக் காயத்தால் சிறுநீர்ப்பைக் கட்டுப்பாடு இழந்திருப்பின் அதனைக் குழுவின் முன் நீங்களே எடுத்துக்கூறுங்கள். கூச்சத்தால் பலர் இதனைச் சொல்வதில்லை. பெண்கள் பெரும்பாலும் சொல்வதேயில்லை. பாலுறவுச் செயல்பாட்டின் இழப்பும் அவ்வாறே. இரண்டும் இழப்பீட்டில் கணக்கில் கொள்ளத்தக்கவை. தனியறையில் பேச வேண்டும் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

எதிர்காலச் செலவே பெரிது

சிறுநீர்ப்பை செயலிழந்தவர் நாளொன்றுக்கு நான்கு முதல் ஆறு முறை குழாய் செலுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். மாதத்திற்கு 120 முதல் 180 முறை. அதற்குக் குழாய், உயவுக் களிம்பு, தூய நீர், தூய கழிவறை ஆகியவை வேண்டும். கைவலு இல்லாதவருக்கு உதவியாளரும் வேண்டும். வியர்வை வராத உடலைக் கோடையில் குளிர்விக்க மின்விசிறி மட்டும் போதாது. ஆண்டுதோறும் சிறுநீரகப் பரிசோதனை தேவை. இவற்றை "எதிர்கால மருத்துவச் செலவு" என ஒரே வரியில் கேட்டால், தீர்ப்பாயம் குத்துமதிப்பாக ஒரு தொகையை அளிக்கும். மாதச் செலவாகப் பிரித்து, மருத்துவரின் பரிந்துரையோடும் கடைச் சீட்டுகளோடும் கேட்டால் கணக்கே பேசும்.

உதவியாளர் செலவை ஒருமொத்தத் தொகையாக அன்றி, வயதுக்கேற்ற பெருக்கெண்ணைக் கொண்டு கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் ஒரு சிறுமியின் வழக்கில் கூறியது. இரு உதவியாளர்களுக்கு, ஒருவருக்கு மாதம் 5,000 ரூபாய் எனக் கொண்டு, 18 என்னும் பெருக்கெண்ணால் 21,60,000 ரூபாய் வழங்கப்பட்டது. பராமரிப்பவர் சொந்தத் தாயாகவோ மனைவியாகவோ இருப்பதால் அவருடைய உழைப்பு விலையற்றது என்று நீங்களே விட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.

எவற்றைச் சேர்த்து வைப்பது?

முதல் நாள் தாள்களே வலுவானவை. 108 ஊர்தியின் குறிப்பு, மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், அறுவைக் குறிப்பு, தீவிர சிகிச்சைப் பிரிவின் மணிவாரி அழுத்தப் பதிவு, வெளியேற்றச் சுருக்கம் ஆகியவற்றின் நகல்களை எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். வீட்டிற்கு வந்த பின் ஒரு சாதாரணக் குறிப்பேடு போதும். காலையில் படுத்த நிலையிலும் அமர்ந்த நிலையிலும் எடுத்த அழுத்தம், மயக்கம் வந்த நேரம், அதற்கு முன் செய்த செயல், சிறுநீர் வெளியேற்றிய நேரமும் அளவும் ஆகியவற்றை நாள் தவறாது எழுதுங்கள். தலைவலியோடு அழுத்தம் ஏறினால் நோயாளியை உடனே நிமிர்த்தி அமர வைத்து, இறுகிய ஆடைகளைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாயில் அடைப்பு உள்ளதா எனப் பாருங்கள். அழுத்தம் தணியாவிடில் 108-ஐ அழையுங்கள். குறிப்பெழுதுவது அதற்குப் பிறகு.

மருத்துவக் குழுவின் முன் செல்லும் நாளில், உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலைக் கையில் வைத்திருங்கள். சோதனைக்காக எந்த மருந்தையும் மருத்துவர் கூறாமல் நிறுத்தக் கூடாது. சான்றிதழில் விழுக்காடு மட்டும் எழுதப்பட்டிருந்தால், தன்னியக்கப் பாதிப்புகளைச் சொற்களாலும் குறிப்பிடுமாறு வேண்டுங்கள். குழு அதனை ஏற்கவில்லை எனில், சிகிச்சை அளித்த மருத்துவரைச் சாட்சியாக அழைக்க வழக்கறிஞர் வழியே தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம்.

வழக்கறிஞரை அமர்த்த வசதியில்லாதவர்களும், வருமானம் எதுவாயினும் மாற்றுத்திறனாளிகளும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கட்டணமற்ற சட்ட உதவியைப் பெறலாம். தேசிய சட்ட உதவி எண்: 15100.